தேனீ ரொட்டி (பெர்கா): அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கோவைவாசி:

அனைவருக்கும் வணக்கம். என் சித்தி மகன் லித்துவேனியாவில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் பெர்கா வாங்கி வருகிறேன் என்கிறான். தேனீக்கள் மகரந்தத்தை அடைக்குள் இடித்து வைத்துப் புளிக்கவிட்ட சரக்காம். இங்கேயும் தேனீ ரொட்டி என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள்.

அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். சமீபமாக அசதி, பசியும் சரியில்லை. எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது: "ராணித் தேனீயின் உணவு, எல்லா அமினோ அமிலமும் உண்டு, பி12 நிறைந்தது, மூன்று மாதத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம்." விலை 100 கிராம் 900 ரூபாய். மாத்திரையை நிறுத்தும் எண்ணமெல்லாம் எங்களுக்கு இல்லை. சத்துக்காகத் தினம் ஒரு கரண்டி கொடுக்கலாமா, அல்லது வீண் செலவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெட்டிக்காரன்_மார்த்தாண்டம்:

விளம்பரத்தின் முதல் வார்த்தையே பொய், தம்பி. ராணி ஈ அதைத் தின்று வாழ்வதில்லை.

நடப்பது இதுதான். வெளியே போகும் ஈ பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு வந்து அடையின் அறையில் உதறிவிட்டுப் போய்விடும். உள்ளே இருக்கும் இளசு ஈக்கள் அதில் தேனும் எச்சிலும் சேர்த்து, தலையால் முட்டி முட்டி இறுக்கும். அறை முக்கால்வாசி நிறைந்ததும் மேலே தேனைப் பூசிவிடும். அதுதான் இவர்கள் சொல்லும் ரொட்டி. புழு வளர்க்கும் ஈக்கள் இதைத் தின்று, தலையில் உள்ள சுரப்பியிலிருந்து ராயல் ஜெல்லியைச் சுரக்கும். ராணியாகப் போகும் புழுவுக்கு முழுக்க முழுக்க அந்த ஜெல்லிதான். வேலைக்கார ஈயாகப் போகும் புழுவுக்கு முதல் மூன்று நாள் அந்த மாதிரிச் சாப்பாடு கிடைக்கும், அப்புறம் தேனும் மகரந்தமும் கலந்த கலவைதான். 2015-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. மகரந்தத்திலும் தேனிலும் இருக்கும் கூமாரிக் அமிலம் புழுவின் சினைப்பை வளர்ச்சியைத் தடுக்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் அது வேலைக்காரியின் சாப்பாடு. அதை "ராணியின் உணவு" என்று விற்கிறான் பாருங்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் பக்கம் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. அதனிடம் மகரந்த அடையை எடுத்தால் கூட்டமே ஓடிவிடும். அந்த ஈக்குப் பொறுமை குறைவு. உள்ளே இருப்பு குறைந்தாலும் தொந்தரவு அதிகமானாலும் ராணியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும், காலிப் பெட்டிதான் மிஞ்சும். அதனால் "குமரி மாவட்டத்து இயற்கைத் தேனீ ரொட்டி" என்று யாராவது கிலோக்கணக்கில் விற்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

கணக்குப்பிள்ளை:

சத்து என்றால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேனீ ரொட்டியில் புரதம் தோராயமாக 20 சதவீதம், பூவைப் பொறுத்துக் கூடும் குறையும். 100 கிராம் டப்பா முழுவதையும் சாப்பிட்டால் 20 கிராம் புரதம், 900 ரூபாய். அதே 20 கிராம் புரதம் மூன்று, மூன்றரை முட்டையில் கிடைக்கும். முட்டை வேண்டாம் என்றால் இரண்டு, மூன்று கைப்பிடி நிலக்கடலை. தினம் ஒரு கரண்டி, அதாவது 5 கிராம் என்றால், ஒரு நாளைக்குக் கிடைப்பது ஒரே ஒரு கிராம்.

எல்லா அமினோ அமிலமும் இருக்கிறது என்பது பொய்யில்லை, அளவைத்தான் சொல்ல மாட்டார்கள். அப்புறம், சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மாய மருந்துகள் சட்டத்தின்படி குற்றம். அந்த டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா?

வில்னியஸ்_வாசி:

நான் இருப்பது லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில்தான், கோவைவாசி. உங்கள் தம்பி எந்தக் கடையில் வாங்கினாலும் விளம்பரக்காரர் கேட்கும் விலையை விடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

இங்கே பெர்காவை யாரும் அதிசய மருந்தாகப் பார்ப்பதில்லை. சந்தையில் தேன் விற்கும் பாட்டி அருகிலேயே ஒரு கண்ணாடிக் குப்பியில் இதையும் வைத்திருப்பார். மார்ச் மாதம் காசியுகஸ் திருவிழாவில் கூடை, மரக்கரண்டி, கேக் வரிசைகளுக்கு நடுவே தேனும் மெழுகும் பெர்காவும் இருக்கும். குளிர்காலம் முடியும் சமயம், வீட்டில் எல்லோரும் இருமிக்கொண்டிருப்பார்கள். காலையில் ஒரு சிறு கரண்டி மெல்லுவார்கள், அவ்வளவுதான். எனக்குப் புளிப்பு பிடிக்கும் என்பதால் சாப்பிடுகிறேன். கம்பு மாவு ரொட்டியும் காய்ந்த பழமும் கலந்த மாதிரி ஒரு மணம், கடைசியில் லேசான கசப்பு.

இது ஏன் பால்டிக் நாடுகள், போலந்து, உக்ரைன், ரஷ்யா பக்கமே அதிகம் என்று எனக்கும் கேள்வி இருந்தது. ஒரு தேனீ வளர்ப்பாளரிடம் கேட்டபோது செய்முறையைச் சொன்னார். மகரந்த அடையை வெட்டி, 40 டிகிரியைத் தாண்டாத சூட்டில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். அப்புறம் குளிரில் உறைய விட வேண்டும். மெழுகு கண்ணாடி போல நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். அதை உடைத்துச் சலித்து, மின்விசிறியில் தூற்றினால் மெழுகு பறந்துவிடும், பெர்கா மணி கீழே விழும். உறைபனி தானாகவே கிடைக்கும் ஊரில் இது எளிது. ஜனவரியில் அவர் அடைகளை வெளிக் கொட்டகையில் வைத்துவிட்டாலே போதும்.

அந்த வாட்ஸ்அப் சரக்கின் படம் இருந்தால் போடுங்கள். பார்த்தே சொல்லிவிடலாம்.

கோவைவாசி:

படம் இணைத்திருக்கிறேன். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த சின்னச் சின்ன உருண்டைகள். டப்பாவில் உரிம எண் எதுவும் தென்படவில்லை.

வில்னியஸ்_வாசி:

இது பெர்காவே இல்லை. காலில் ஒட்டி வந்த மகரந்த உருண்டை. பெட்டி வாசலில் சல்லடை மாதிரி ஒரு தட்டு வைப்பார்கள். ஈ நுழையும்போது உருண்டை கழன்று கீழே விழும். அதைச் சேகரித்து உலர்த்தியது. பெர்கா மணி அறுகோண அறைக்குள் இறுகியது, ஆகையால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம் இருக்கும், நிறம் கருத்திருக்கும். குறுக்கே வெட்டினால் அடுக்கு அடுக்காக வெவ்வேறு பூக்களின் நிறம் தெரியும். வில்லோ மரம் மஞ்சள், வெள்ளைக் குளோவர் பழுப்பு, குதிரைக் கொட்டை மரம் செங்கல் நிறம், ஃபசீலியா கருநீலம். புளிக்கவும் புளிக்கும்.

மகரந்தமும் சாப்பிடும் பொருள்தான், தவறில்லை. ஆனால் அதை ரொட்டி என்று விற்பது சரியில்லை.

காட்டுத்தேன்:

எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல உணவைக் கீழே போட்டு மிதிக்கிறீர்கள். முட்டையோடு ஒப்பிடுவது என்ன நியாயம்? தேனீ ரொட்டியில் புரதம் மட்டுமா இருக்கிறது? நிறமிகள், நொதிகள், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன.

நம் ஆட்கள் இதைச் சாப்பிடாதவர்கள் இல்லை. அடையைக் கையால் பிழிந்தெடுத்த மலைத்தேனில் மகரந்தமும் சேர்ந்தே வரும், அதனால்தான் அது கலங்கலாக இருக்கும். கொசுத்தேனீ இன்னும் மேல். தேனுக்குத் தனிக் குடம், மகரந்தத்துக்குத் தனிக் குடம் என்று பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டி வைக்கிறது. பொந்தை உடைத்துச் சுரண்டி எடுத்த கொசுத்தேனில் ஒரு புளிப்பு இருக்குமே, அந்தக் குடம் உடைந்து கலப்பதும் அதற்கு ஒரு காரணம். அதைக் குழந்தைகளுக்கு நாக்கில் தடவிய ஊர் இது.

அறிவியலாகவே சொல்கிறேன். மகரந்தத்தின் வெளி ஓடு மிகக் கெட்டி, நம் வயிற்றில் அது செரிக்காது. புளிக்கும்போது பாக்டீரியா அந்த ஓட்டை உடைத்துவிடுகிறது. அதனால் தேனீ ரொட்டி மகரந்தத்தை விட மூன்று மடங்கு சத்து.

நுண்ணுயிரி:

> புளிக்கும்போது பாக்டீரியா அந்த ஓட்டை உடைத்துவிடுகிறது

இந்த வரியைத்தான் எல்லா விற்பனைப் பக்கத்திலும் பார்க்கிறேன். பாதிதான் உண்மை.

உண்மையான பாதி: அறைக்குள் போன மகரந்தத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா இருக்கிறது. தேனீயின் தேன் வயிற்றிலிருந்தும் பூக்களிலிருந்தும் வருகிறது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது, அதாவது நல்ல புளிப்பு. அதில் பூஞ்சை எளிதில் வளராது. அதனால்தான் அந்த வெதுவெதுப்பான கூட்டுக்குள் அது கெடாமல் இருக்கிறது.

மற்ற பாதி: ஓடு உடைந்து சத்து பெருகுகிறது என்பதை 2014-இல் அமெரிக்காவில் கிர்க் ஆண்டர்சன் குழு சோதித்தது. சேமித்த மகரந்தத்தில் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு, அதுவும் நாளாக நாளாக இன்னும் குறைகிறது. ஓட்டைக் கரைத்துச் சத்தை மாற்றும் அளவுக்கு அங்கே ஆளே இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தாலும் மகரந்த மணிகள் முழுசாகத்தான் இருந்தன. ஆகவே நடப்பது சத்து மாற்றமல்ல, கெடாமல் காப்பதுதான் என்று எழுதினார்கள். தேனும் அமிலமும் சேர்ந்த ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆட்களின் பிந்தைய ஆய்வில், புழு வளர்க்கும் ஈக்கள் நாட்பட்டதை விடப் புதிதாக வந்த மகரந்தத்தையே விரும்பித் தின்றன.

இதற்கு மாறாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, குறிப்பாகக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருபவை. ஆனால் "மூன்று மடங்கு" என்ற எண்ணைத் தலையில் அடித்துச் சொல்லும் அளவுக்கு விஷயம் முடிந்துபோகவில்லை.

நீங்கள் சொன்ன நிறமி, ஃபீனால் எல்லாம் இருப்பது நிஜம். சோதனைக்குழாயிலும் எலியிலும் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. மனிதர்களிடம் நடந்தவை சிறியவை, எண்ணிக்கையும் குறைவு. அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் அம்மாவுக்கு யோசனை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. குழந்தை நாக்கில் தடவும் விஷயம்: ஒரு வயதுக்குள் தேனே கூடாது. பாட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் நோயின் கிருமி வித்து அதில் இருக்கலாம். ஊர்ப் பழக்கம் என்று இன்னும் செய்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

காட்டுத்தேன்:

நான் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன். அதற்கு என்ன சொல்வீர்கள்?

கணக்குப்பிள்ளை:

நன்றாக இருங்கள் சார், சந்தோஷம். நான் அதைச் சாப்பிடாமலே நன்றாக இருக்கிறேன்.

பெட்டிக்காரன்_மார்த்தாண்டம்:

சண்டை வேண்டாம் மக்கா. ஈ தரப்பில் ஒரு கணக்குச் சொல்கிறேன். பெட்டியில் வளர்க்கும் வெளிநாட்டு இனமான இத்தாலிய ஈ ஒரு நடைக்கு இரண்டு காலிலும் சேர்த்துக் கொண்டு வருவது 15 மில்லிகிராம் அளவு. ஒரு வேலைக்கார ஈயை முட்டையிலிருந்து வளர்த்தெடுக்க 100 மில்லிகிராமுக்கு மேல் மகரந்தம் செலவாகும். அப்படிப் பார்த்தால் உங்கள் 100 கிராம் டப்பாவுக்குச் சில ஆயிரம் நடை. எண்ணூறு, ஆயிரம் புழுவின் சாப்பாடு.

எங்கள் ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், குமரியில் பெரிய தேன் வரத்தே ரப்பரிலிருந்துதான். ஜனவரிக்கு மேல் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பியிலிருந்து தேன் கசியும். பூவில் இல்லை, இலைக்காம்பில். ஈக்கள் அங்கே மொய்க்கும், தேன் அறை நிறையும், ஆனால் அதில் மகரந்தம் கிடையாது. மகரந்தத்துக்குத் தென்னையும் மற்ற பூக்களும்தான் கதி. தேன் ததும்பும் அந்தக் காலத்திலும் புழு அறையில் மகரந்தம் மட்டாகத்தான் இருக்கும். அதைப் போய்ச் சுரண்டி எடுக்கச் சொல்கிறீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புழுவைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து எங்கள் பெட்டிகளைத் துடைத்துப் போட்டது. அந்தக் காலத்தைப் பார்த்தவன் புழுவின் சாப்பாட்டில் கை வைக்க யோசிப்பான்.

எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வடக்கே கடுகுப் பூக் காலத்தில் இத்தாலிய ஈ மகரந்தத்தைக் கொட்டிக் குவித்து, ராணி முட்டையிட இடமில்லாமல் அடைத்துவிடும். அப்போது ஒன்றிரண்டு அடையை எடுப்பது ஈக்கும் நல்லது, வளர்ப்பவருக்கும் நல்லது. நல்ல சரக்கு வேண்டுமென்றால், எந்த ஊர், எந்தப் பூ, எந்த ஈ என்று கேளுங்கள். பதில் சொல்பவனிடம் வாங்குங்கள். இத்தாலிய ஈக்கு வரோவா உண்ணிக்காக மருந்து போடுவார்கள், அது மெழுகில் தங்கும். என்ன மருந்து, எப்போது போட்டீர்கள் என்பதையும் கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நுண்ணுயிரி:

அண்ணன் சொன்ன மருந்து விஷயம் சின்னதில்லை. 2010-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில் மெழுகு, மகரந்தம், தேனீ எல்லாவற்றையும் சோதித்தபோது பூச்சிக்கொல்லிகளும் அவற்றின் சிதைபொருள்களுமாக 121 வகை அகப்பட்டன. தேனை விட மகரந்தமும் மெழுகும்தான் இவற்றை அதிகம் பிடித்து வைக்கும். "இயற்கை" என்று டப்பாவில் எழுதினால் போதாது.

பூவிலேயே விஷம் வருவதும் உண்டு. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு வகைச் செடிகளில் கல்லீரலைப் பாதிக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. மகரந்தத்திலும் அவை இருக்கும். எப்போதோ ஒரு கரண்டிக்குப் பயப்பட வேண்டாம், தினமும் பல மாதம் என்றால் யோசிக்க வேண்டும்.

மருந்துக்கடை_அக்கா:

இவ்வளவு பேசிவிட்டு முக்கியமானதை யாரும் கேட்கவில்லையே. தம்பி, அம்மாவுக்கு ஆஸ்துமா, தும்மல், தோல் அரிப்பு ஏதாவது உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறாரா? வார்ஃபரின் எடுத்தவர் மகரந்தம் சாப்பிட்டு ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துப்போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

ஒவ்வாமை இருப்பவர் ஒரு கரண்டி மகரந்தம் சாப்பிட்ட சில நிமிடங்களில் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, அவசரப் பிரிவுக்குப் போனதும் பதிவாகியிருக்கிறது. தேனீ கொட்டினால் ஒன்றும் ஆகாதவர்களுக்கும் இது நடக்கும். கொடுக்கின் விஷம் வேறு, மகரந்தப் புரதம் வேறு. புளித்தால் ஒவ்வாமை போய்விடும் என்றும் நம்பிவிடாதீர்கள்.

கோவைவாசி:

வார்ஃபரின் இல்லை அக்கா. ஆனால் அம்மாவுக்குப் பார்த்தீனியம் ஒவ்வாமை உண்டு. மழைக்காலம் முடிந்து அந்தச் செடி பூத்தால் கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் தடித்துவிடும். தோல் மருத்துவர் பார்த்துச் சொன்னதுதான். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

மருந்துக்கடை_அக்கா:

இருக்கும். பார்த்தீனியம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. ஒன்றுக்கு ஒவ்வாமை என்றால் அதே குடும்பத்தின் மற்ற பூக்களுக்கும் உடல் எதிர்வினை காட்டலாம். சூரியகாந்தி, செவ்வந்தி, டேன்டேலியன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அம்மாவுக்குக் கொடுக்க மாட்டேன். சிறிதளவு கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னாலும் வீட்டில் வைத்துச் செய்யாதீர்கள்.

வில்னியஸ்_வாசி:

அக்கா சொல்வதற்கு இங்கிருந்தே சாட்சி. மே மாதம் லித்துவேனியாவில் எந்தப் புல்வெளியைப் பார்த்தாலும் டேன்டேலியன்தான், பெர்காவை உடைத்தால் ஆரஞ்சு அடுக்காகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். அம்மாவுக்கு வேண்டாம்.

மருந்துக்கடை_அக்கா:

இன்னொன்று, இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது நன்றாகத் தெரிந்த விஷயம். அசதி, பசியின்மை, கால் மரத்துப்போவது எல்லாம் அதனாலும் வரலாம். அம்மா சைவமா? அப்படியென்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். அந்த விளம்பரத்தில் "பி12 நிறைந்தது" என்று எழுதியிருப்பதுதான் எனக்கு ஆத்திரம். மகரந்தம் தாவரப் பொருள், பி12-க்கு அதை நம்பக் கூடாது. ஒருவேளை அம்மாவுக்கு அந்தக் குறைதான் இருந்து, அவரும் தினம் ஒரு கரண்டி சாப்பிட்டுக்கொண்டு சரியாகிவிடும் என்று ஆறு மாதம் காத்திருந்தால் நரம்புக்குச் சேதம். அந்த 900 ரூபாயை ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கலாம். அடுத்த முறை சர்க்கரை மருத்துவரைப் பார்க்கும்போது பி12, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் கேளுங்கள்.

கோவைவாசி:

அம்மா சைவம்தான் அக்கா, முட்டையும் கிடையாது. நேற்று மருத்துவரிடம் போனோம். நீங்கள் சொன்ன மூன்றையும் அவரே எழுதிக் கொடுத்தார், கூடவே சிறுநீரகச் சோதனையும். முடிவு திங்கட்கிழமை வரும். அந்த வாட்ஸ்அப் ஆளிடம் உரிம எண் கேட்டேன். குழுவிலிருந்தே விலகிவிட்டார்.

தம்பி ஏற்கெனவே பெர்கா வாங்கிவிட்டானாம். எனக்கும் அப்பாவுக்கும் எந்த ஒவ்வாமையும் இல்லை. நாங்கள் சாப்பிடலாமா? எப்படி வைத்துக்கொள்வது?

வில்னியஸ்_வாசி:

சாப்பிடுங்கள். முதல் தடவை நாலைந்து பெர்கா மணிகள் மட்டும், அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்கும்போது. ஒன்றும் ஆகவில்லை என்றால் மெல்லக் கூட்டி ஒரு சிறு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். கொதிக்கும் பாலில் போடாதீர்கள், சுவையே போய்விடும். தயிரில் தூவிப் பாருங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது வெளியில் தாங்காது. இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் குளிர்பெட்டியில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். பூஞ்சை வாடை வந்தாலோ மணிகள் ஒட்டி நசநசத்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

காட்டுத்தேன்:

மிஞ்சினால் குப்பையில் ஏன் போட வேண்டும்? என் மாடியில் இரண்டு பெட்டி இருக்கிறது. ஈக்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமே?

பெட்டிக்காரன்_மார்த்தாண்டம்:

ஐயோ, அதை மட்டும் செய்து விடாதீர்கள். வெளிநாட்டுத் தேன், மகரந்தம், பெர்கா எதையும் பெட்டிப் பக்கமே கொண்டு போகக் கூடாது. அமெரிக்கப் புழுஅழுகல் நோய்க் கிருமியின் வித்து அதில் இருக்கலாம். மனிதனை அது ஒன்றும் செய்யாது, ஆனால் புழுவைக் கொன்றுவிடும். பல பத்தாண்டுகள் ஆனாலும் அந்த வித்து சாகாது, ஒரு தடவை நுழைந்தால் பெட்டியை எரிப்பதுதான் வழி. குப்பியைக் கழுவின தண்ணீரைக்கூட ஈ மொய்க்கும் இடத்தில் ஊற்றாதீர்கள்.

உங்கள் ஈக்கு மகரந்தம் போதவில்லை என்றால் மாடியில் நாலு சூரியகாந்தி வையுங்கள். சுற்றுவட்டாரத்தில் தென்னை இருந்தால் அதுவும் வேண்டாம், வருடம் முழுக்கப் பாளை விடும்.